எட்டாவது எதிரி

செத்துப்போய்விட்டான் என்று ஊரே முடிவு செய்து, அழுது, சடங்கும் செய்து முடித்துவிட்ட ஒருவன் உயிரோடு திரும்பி வந்தால், வாசல் வழியாக வீட்டுக்குள் நுழையக் கூடாது. கூரை வழியாகத்தான் இறங்க வேண்டும். கொர்வினம் என்ற அந்த ரோமானிய ஊரில் அப்படி இறங்கிய யாரையும் நுமேரியஸ் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இரண்டு நாள் பட்டினி கிடந்துவிட்டு ஊருக்குள் வந்திருப்பான்.

முற்றத்துக்கு மேலே, மழைத் தண்ணீர் விழுவதற்காக விட்டிருந்த சதுரத் திறப்பில் அவன் இடுப்புவரை இறங்கி அப்படியே சிக்கிக்கொண்டான். வீட்டைக் கட்டிய அவன் தாத்தா மழைக்குப் பயந்தவர்; திறப்பைச் சின்னதாக வைத்துவிட்டார். கீழே பாதி ஊர் கூடியிருந்தது. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு கால்களும், அவை காற்றில் நடந்துகொண்டிருப்பதும்தான்.

"நாலு வருஷம் அடிமையா இருந்தவன் மாதிரியா கனக்கிறான்?" கூரைமேல் கயிற்றைப் பிடித்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் மூச்சு வாங்கினார். "இவனுக்குத் தீனி போட்டவன்தான் இளைச்சுப்போயிருப்பான்."

"பேசாம தள்ளுங்கண்ணே," என்றான் நுமேரியஸ்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. ஹிஸ்பானியாவின் கடற்கரையில் மீன் உப்புக்கண்டம் போடும் கொட்டகை ஒன்றுக்குத்தான் அவனை விற்றிருந்தார்கள். மீன் அறுப்பதில் அவன் காட்டிய திறமையைப் பார்த்துப் பயந்துபோன முதலாளியின் மனைவி, விரல்கள் மிச்சமிருக்கும்போதே அவனைச் சமையலறைக்கு மாற்றிவிட்டாள். மற்றவர்களுக்கு அடிமை வாழ்க்கை முகத்தில் ஒரு சோகக் களையைத் தரும். அவனுக்குத் தொந்தியைத் தந்தது.

கடைசித் தள்ளலில் சட்டையின் இடது கை கிழிந்தது. முற்றத்து நடுவில் இருந்த மழைநீர்த் தொட்டியில் அவன் பொத்தென்று விழுந்தான். எழுந்து நின்றபோது தண்ணீர் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. மூழ்கிப்போகவாவது ஆழம் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டான்.

தொட்டியின் ஓரத்தில் வெத்தியா நின்றிருந்தாள். அவன் மனைவி. கையில் ஒரு கம்பளித் துண்டு. காதோரம் நாலைந்து முடி நரைத்திருந்தது. அழப்போகிறாளா சிரிக்கப்போகிறாளா என்று அவளுக்கே தெரியாத மாதிரி உதடு நடுங்கியது. உப்பு நாற்றத்துக்கு நடுவே நாலு வருஷம் அவன் நினைத்துப் பார்த்தது இந்த முகத்தைத்தான். பேசாமல் அந்தத் துண்டை வாங்கித் தலையைத் துவட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஆனால் மாமனார் ஸ்பூரியஸ் முன்னால் வந்தார். மூன்று போர்களில் நின்றவர். இரண்டு முறை ஊர் நடுவராக இருந்தவர். மற்றவர்கள் சாமியை வேண்டிக்கொள்ளும் வேகத்தில் அவர் சட்டம் சொல்லுவார்.

"மாப்பிள்ளை, உங்க கருமாதியில ட்ரெபியஸ் பேசினதக் கேட்டு நான் அழுதேன். நான்! கொடியக் காப்பாத்த ஏழு பேருக்கு நடுவுல ஒத்தையா நின்னீங்களாமே. நிஜம்தானே?"

நுமேரியஸ் கூட்டத்தைப் பார்த்தான். அவனோடு ஒரே கூடாரத்தில் படுத்துக் கிடந்த ட்ரெபியஸ் தூணோரம் நின்றிருந்தான். ஊரின் சாலைகளையும் சந்தையையும் மேற்பார்வை பார்க்கும் பதவிக்கு இந்தத் தேர்தலில் நிற்கிறான் போலிருக்கிறது. வேட்பாளர்களின் வழக்கப்படி மேலங்கியில் சுண்ணாம்பு தேய்த்து வெள்ளையடித்திருந்தான். முகம் அங்கியைவிட வெள்ளையாக இருந்தது. 'காட்டிக் கொடுத்துடாதடா' என்று அந்தக் கண்கள் கெஞ்சின.

அடுத்துச் சொன்ன பதிலை நண்பனுக்காகத்தான் சொன்னதாகப் பிற்பாடு தன்னையே சமாதானப்படுத்திக்கொள்ள நுமேரியஸ் முயன்றதுண்டு. முடியவில்லை. முழங்கால் தண்ணீரில், கிழிந்த சட்டையோடு, மீன் வாடையோடு நிற்கிறவனுக்கு அந்த ஏழு பேர் அவ்வளவு கம்பீரமாகத் தெரிந்தார்கள்.

"ஏழு இல்ல மாமா," என்றான். "எட்டு."

கூட்டம் ஆரவாரித்தது. யாரோ அவன் முதுகில் தட்டினார்கள்.

வெத்தியா துண்டை நான்காக மடித்து, முக்காலிமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நடந்தது இதுதான். பெரிய சண்டைக்கு முந்தின நாள் மத்தியானம், தினமும் கோதுமைக் கஞ்சி குடித்து நாக்கு செத்துப்போன இரண்டு வீரர்கள், யாரிடமும் சொல்லாமல் முகாமின் பின்பக்கத் தடுப்பைத் தாண்டினார்கள். அரை மைல் தள்ளி ஒரு அத்திமரம் இருந்தது. நுமேரியஸ் உச்சிக்கிளையில் இருந்தபோது கீழே இரண்டு மலைக் கொள்ளைக்காரர்கள் வந்து நின்றார்கள். தாழ்ந்த கிளையில் இருந்த ட்ரெபியஸ் குதித்து ஓடினான்; நுமேரியஸ் மாட்டிக்கொண்டான். அனுமதியில்லாமல் முகாமைவிட்டுப் போனவனைச் சக வீரர்களே தடியால் அடித்துக் கொல்ல வேண்டும் என்பது படையின் விதி. மறுநாள் சண்டையில் நிறையப் பேர் செத்தார்கள். அந்தக் கணக்கில் ட்ரெபியஸ் இவனையும் சேர்த்துவிட்டான். ஊருக்கு வந்து கருமாதியில் பேச எழுந்தபோது, பாவம், வெறுமனே 'செத்தான்' என்று சொல்ல மனம் வராமல் கொஞ்சம் அலங்காரம் செய்திருக்கிறான்.

சாயங்காலம் ஸ்பூரியஸ் மாப்பிள்ளையை உட்காரவைத்து, வெந்த பருப்பும் ரொட்டியும் கொடுத்து, சாப்பிடும்போதே சட்டத்தையும் பரிமாறினார்.

"எதிரி கையில சிக்கின அன்னிக்கே ஒரு ரோமானியன் சட்டப்படி செத்தவன். எல்லையத் தாண்டித் திரும்பி வந்துட்டான்னா எல்லாம் திரும்பக் கிடைச்சுடும். பேரு, நிலம், ஓட்டு, வீடு, மாடு எல்லாம். நாளன்னிக்குச் சதுக்கத்துல நடுவர்கிட்ட வாக்குமூலம் குடுத்தீங்கன்னா பட்டியல்ல பேர எழுதிடுவாங்க."

"சரி மாமா."

"ஒண்ணே ஒண்ணுதான் திரும்பக் கிடைக்காது."

"என்னது?"

"பொண்டாட்டி."

நுமேரியஸின் வாயில் ரொட்டி நின்றது.

"நீங்க சிக்கின அன்னிக்கே கல்யாணம் அறுந்துபோச்சு. அவ சம்மதிச்சாத்தான் புதுசா மறுபடி. கொள்ளைக்காரன், கடல் திருடன் பிடிச்சிருந்தா கதை வேற. ரோமாபுரி அவனுங்களோட போர் அறிவிக்கலையே! அதனால அவனுங்க எதிரியே இல்ல. அவனுங்க பிடிச்சா நீங்க குடிமகனாவேதான் இருப்பீங்க, புருஷனாவும்தான். ஆனா நீங்க வீரரு. எட்டுப் பேரு!" ஸ்பூரியஸ் பெருமையோடு அவன் தோளைத் தட்டினார். "அவள என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். அந்நியன் வீட்டுல என் பொண்ண விட முடியாது, தப்பா நினைக்காதீங்க."

வெத்தியா ஒரு பெட்டியோடும் நூல் சுற்றும் கதிரோடும் அப்பாவின் பின்னால் நடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் சட்டப்படி அவன் மனைவி. நுமேரியஸுக்கு அது புரிந்தது. ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் ட்ரெபியஸ் கெட்டான். இவன் பிழைப்பும் சிரிப்பாய்ச் சிரிக்கும். அதற்கும் மேலே ஒரு நப்பாசை இருந்தது. நாலு வருஷமாக ஊரே கொண்டாடிய வீரன் கையை நீட்டிக் கேட்டால் எந்தப் பெண் மாட்டேன் என்று சொல்வாள்? சட்டம் கட்டிப்போட்டு அவள் வருவதைவிட, அவளாக ஆசைப்பட்டு வரட்டுமே!

மறுநாள் காலையில் முகம் மழித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, மாமனார் வீட்டுக்குப் போனான். வெத்தியா முற்றத்தில் உட்கார்ந்து கம்பளி நூற்றுக்கொண்டிருந்தாள்.

"வாங்க வீரரே," என்றாள். "எட்டுப் பேரையும் வெளிய நிறுத்திட்டு வந்தீங்களா, இல்ல கூடவே இருக்காங்களா?"

"வெத்தியா, நான் என்ன கேக்க வந்தேன்னா..."

"அவங்க எப்படி இருந்தாங்க? உயரமா?"

"யாரு?"

"எட்டுப் பேரும்."

"சுமாரான உயரம்தான்." அவன் நாக்கு தானாகவே ஓடியது. "ஒருத்தன் மட்டும் ரொம்ப உயரம். அவன்தான் கடைசியா வந்தான்."

"ஓ, எட்டாவது ஆளு." கதிர் கிர்ரென்று சுற்றியது. "ட்ரெபியஸ் அவனப் பாக்கலையா?"

"அவன் வேற பக்கம் பாத்துட்டிருந்தான்."

"ஆமா, அவன் எப்பவுமே வேற பக்கம்தான் பாப்பான்." நூல் அறுந்தது. அவள் நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. "நீங்க கேக்க வந்தது என்னன்னு எனக்குத் தெரியும். எனக்கு ஒரு புருஷன் இருந்தாருங்க. கோழி துரத்தினா கட்டாயம் வேலி ஏறிடுவாரு. வாத்து துரத்தினாலும் ஏறுவாரு. ஏறினது எப்படின்னு அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. நீங்க சொல்ற ஆளு எனக்குப் பழக்கமே இல்ல. பழக்கமில்லாத ஆம்பளையக் கட்டிக்க எனக்கு இஷ்டமில்ல. வாசல் அந்தப் பக்கம்."

வெளியே வந்த நுமேரியஸுக்கு, நிஜமாகவே எட்டுப் பேர் சேர்ந்து அடித்தது போல இருந்தது. அந்த வாத்து விஷயத்தை அவள் இன்னும் மறக்கவில்லை.

ட்ரெபியஸைத் துணி வெளுக்கும் கடையில் பிடித்தான். தேர்தலில் நிற்கிறவர்களுக்குத் தினமும் அங்கேதான் வேலை. கடைக்காரன் உள்ளே தொட்டியில் துணி மிதித்துக்கொண்டிருக்க, ட்ரெபியஸ் அங்கியைக் கொடியில் போட்டுத் தானே சுண்ணாம்பு தேய்த்துக்கொண்டிருந்தான்.

"டேய், அவ என்னைத் துரத்திட்டாடா," என்றான் நுமேரியஸ்.

ட்ரெபியஸ் சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்தான். "துரத்தாம? என்ன மனுஷன்டா நீ? எட்டுன்னு எவன்டா சொல்லச் சொன்னான்?"

"நீ ஏழுன்னு சொன்ன!"

"நான் செத்தவனப் பத்திச் சொன்னேன். செத்தவனுக்கு எவ்வளவு வேணா சொல்லலாம். உயிரோட இருக்கிறவன் எதுக்குடா ஒண்ணு கூட்டுவான்?" அவன் குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு சொல்றேன், அடிக்காத. ஸ்பூரியஸ் அய்யா என்னை உன் பொண்டாட்டியக் கட்டிக்கச் சொன்னாரு. நான் போய்க் கேட்டேன்."

"கேட்டியா?"

"மூணு தடவ."

"மூணா!"

"வீரனோட விதவைன்னா ஓட்டுக்கும் நல்லதுன்னு நினைச்சேன், நான் அப்படிப்பட்ட பயதான். அப்புறம் நிஜமாவே பிடிச்சும் போச்சு, அத விடு. முதல் தடவ கேட்டப்பவே அவ முகத்தப் பாத்து என்னால பொய் சொல்ல முடியல. அத்திமரம், ரெண்டு பேரு, நான் ஓடினது எல்லாத்தையும் கொட்டிட்டேன். நல்லா அழுதேன்டா. அவ யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்தா. நான் முன்னாடியே ஊருக்கு வந்துட்டாலும், படை போன குளிர்காலம்தான் கலைஞ்சுச்சு. அதுவரைக்கும் என் தலை அவ நாக்குலதான் இருந்துச்சு."

நுமேரியஸ் தொட்டியின் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தான். "அப்போ அவளுக்குத் தெரியும்."

"மூணு வருஷமாத் தெரியும். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் சொன்னா. 'கொள்ளைக்காரன் பிடிச்சுட்டுப் போனவனோட பொண்டாட்டி விதவை இல்ல. நான் ஸ்பூரியஸ் பொண்ணு, எனக்குச் சட்டம் தெரியும். என் புருஷன் உசுரோட இருக்கிறவரைக்கும் நான் அவர் பொண்டாட்டி.' அவங்கப்பா எத்தன தடவ கத்தினாரு தெரியுமா? காரணத்தச் சொல்ல முடியாம, மாட்டேன் மாட்டேன்னு ஒத்த வார்த்தையில நின்னா."

 மழைநீர்த் தொட்டி ஓரம், மடித்து வைத்த துண்டு, நடுங்கிய உதடு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நுமேரியஸின் கண்ணுக்குள் வந்து போயின. மூன்று வருஷமாக ஒரு பெண் தன் கல்யாணத்தை அந்த இரண்டு கொள்ளைக்காரர்களின் பேரில் கட்டிக் காத்திருக்கிறாள். அவன் வந்து, தண்ணீரில் நின்றுகொண்டு, தன் வாயாலேயே அதை ஒரே சொல்லில் அறுத்துவிட்டான். எட்டு என்ற ஒரே சொல்லில். எட்டு எதிரிகள்!

"நாளைக்குச் சதுக்கத்துல நிஜத்தச் சொல்லப் போறேன்," என்றான். "பயப்படாத. நான் மட்டும் தனியாப் போனேன்னு சொல்றேன்."

ட்ரெபியஸ் மறுபடி சுண்ணாம்பைத் தேய்க்க ஆரம்பித்தான். தேய்த்த இடத்திலேயே தேய்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த நாள் சந்தை நாள். சதுக்கத்தில் இடமில்லை. ஊர் நடுவர் மேடைமேல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எழுத்தர், மெழுகு பூசிய பலகையோடு. ஸ்பூரியஸ் முன்வரிசையில் நின்றார். வெத்தியா அவர் பின்னால், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு. அவளைக் கட்டாயப்படுத்தித்தான் அழைத்து வந்திருந்தார்: ஊரே கொண்டாடும்போது நீ மட்டும் வராமல் இருந்தால் எப்படி?

"நுமேரியஸ், யாரிடம் சிக்கினாய்?" எழுத்தர் சடங்குக் குரலில் கேட்டார். பதிலைப் பாதி எழுதியே வைத்திருந்தார்.

"கொள்ளைக்காரங்ககிட்ட."

எழுத்தாணி நின்றது. "போர்க்களத்தில்தானே?"

"அத்திமரத்துலங்க."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நடுவர் முன்னால் குனிந்தார். "தெளிவாச் சொல்லுப்பா. எத்தனை பேர்?"

"ரெண்டு பேரு அய்யா. அதுல ஒருத்தருக்கு அறுபது வயசுக்கு மேல இருக்கும். அவருக்குக் கொஞ்சம் இருமல் வேற."

"உன் வாள்?"

"கூடாரத்துல."

"எதிர்த்துச் சண்டை போடலையா?"

"கீழ இறங்குன்னு சொன்னாங்க. இறங்கிட்டேன்." நுமேரியஸ் தன்னையே திருத்திக்கொண்டான். "உடனே இல்லீங்க. உச்சிக்கிளையில ஒண்ணு நல்லாப் பழுத்திருந்துச்சு, அதப் பறிச்சுட்டு இறங்கினேன். அந்தப் பெரியவர்தான் கை குடுத்தாரு, விழுந்துடாதப்பான்னு. பழத்தையும் அவரே வாங்கிக்கிட்டாரு."

அதற்குமேல் சதுக்கம் தாங்கவில்லை. மீன்காரி கூடையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். நடுவர் அங்கி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார். கருமாதியில் அழுதவர்கள் எல்லாரும், அந்தக் கண்ணீரைத் திருப்பித் தா என்பது போலச் சத்தம் போட்டார்கள். நுமேரியஸின் காது நுனி எரிந்தது. விசித்திரம் என்னவென்றால், நாலு வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் ஊருக்கு வந்து சேர்ந்தது போலிருந்தது.

"அப்ப அந்த ஏழு பேரு யாரு?" கூட்டத்திலிருந்து ஒரு குரல். "கருமாதியில கேட்டோமே!"

"அது தெரியாம நடந்தது," என்றான் நுமேரியஸ் அவசரமாக. "நான் தனியாத்தான் போனேன். என் நண்பனுக்கு ஒண்ணும் தெரியாது. சண்டையில என்னக் காணோம்னதும் அவனா நினைச்சுக்கிட்டு..."

"பொய் சொல்றான்!"

வெள்ளை அங்கி ஒன்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தது. ட்ரெபியஸ் நடக்க நடக்கச் சுண்ணாம்புப் பொடி உதிர்ந்தது. "மரத்துல ரெண்டு பேரு இருந்தோம். நான் கீழ்க்கிளையில. ஓடிட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல. அந்த ஏழு பேரும் நானாப் பெத்த பிள்ளைங்க. எட்டாவது மட்டும் இவனோடது."

"தளபதி பதவி முடிஞ்சு வீட்டுக்குப் போயிட்டாரு," என்றார் நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இனி உன்னை அடிக்க ஆள் இல்ல. ஓட்டுப் போடவும் ஆள் இருக்கான்னு பாத்துக்கோ."

"இவ்வளவு வேகமா ஓடுறவன் சாலையப் பாத்துக்கட்டும்!" என்று மீன்காரி கத்தினாள். சிரிப்பு இன்னொரு சுற்று எழுந்தது.

எழுத்தர் மட்டும் சிரிக்கவில்லை. எழுத்தாணியின் தட்டை முனையால் மெழுகைத் தேய்த்து அழித்துவிட்டு எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார்: "கொள்ளையரிடம் சிக்கினான். எதிரியிடம் அல்ல. ஆகவே குடியுரிமை ஒருநாளும் இழக்கவில்லை. பெயர், நிலம், திருமணம் யாவும் இருந்தபடியே."

ஸ்பூரியஸின் முகம் கறுத்துக் கிடந்தது. மேடையிலிருந்து இறங்கி வந்த மாப்பிள்ளையை மறித்துக்கொண்டு நின்றார்.

"அத்திப்பழம்!" என்றார். "என் வீட்டுப் பொண்ண நான் அத்திப்பழத்துக்கா குடுத்தேன்?" பின்னால் திரும்பினார். "வெத்தியா, கவலைப்படாத. கல்யாணம் அறுந்துபோகலன்னா என்ன, நாமளே அறுத்துக்கலாம். சட்டத்துல அதுக்கும் வழி இருக்கு. இன்னிக்கே நடுவர்கிட்ட..."

நுமேரியஸ் அவரைத் தாண்டி அவளைப் பார்த்துச் சொன்னான். "மாமா சொல்றதும் சரிதான் வெத்தியா. உன்னைக் கட்டிப்போடணும்னு நான் மேடை ஏறல. நீ காத்திருந்தது எனக்கு நேத்துதான் தெரியும். இனிமே உன் இஷ்டம். என்கிட்ட இருக்கிறது இவ்வளவுதான், அதையும் ஊரே பாத்துடுச்சு."

"காத்திருந்தாளா?" ஸ்பூரியஸ் மகளைப் பார்த்தார். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"மூணு வருஷமா, அப்பா."

"என்கிட்ட ஒரு வார்த்தை..."

"சத்தியம் பண்ணிட்டேன். சத்தியத்த மீறக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தது யாரு? கொள்ளைக்காரன் எதிரி இல்லன்னு சாப்பாட்டு நேரத்துல பாடம் எடுத்தது யாரு? கேட்டுக் கேட்டு எனக்குக் காது வலிச்சிருக்கு."

 இரண்டு முறை நடுவராக இருந்தவருக்கு ஒரு விதியும் நினைவுக்கு வரவில்லை. "அப்ப தப்பு என்மேலதான்," என்று முணுமுணுத்தார். "பொம்பளப் பிள்ளைக்குப் பாட்டுச் சொல்லிக் குடுத்திருக்கணும்."

வெத்தியா முக்காட்டைத் தள்ளிவிட்டாள். கன்னம் நனைந்திருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. மூன்று வருஷமாகத் தொண்டையில் அடைத்துக் கிடந்ததை, சந்தைக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"கொஞ்சம் நகந்து நில்லுங்கப்பா. என் புருஷன் வர்ற வழியில நிக்கிறீங்க."

ஸ்பூரியஸ் நகர்ந்து நின்றார்.